மேலே காய்ந்தது, உள்ளே நனைந்தது





இதை எழுதலாமா, வேண்டாமா என்று நாங்கள் இருவரும் பல மாதங்கள் யோசித்தோம். பிள்ளையின் நோயையும் பெற்றோரின் தவற்றையும் பொதுவில் வைப்பதற்குத் தயக்கம் இருந்தது. ஆனால் இவ்வாண்டும் எங்கள் ஜமாஅத்திலிருந்து நான்கு பிள்ளைகள் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்ல ஆயத்தமாகிறார்கள். அவர்களின் பெற்றோர் எங்களிடம் வந்து, "விசாவுக்கு எவ்வளவு ஆயிற்று, அறை எப்படிக் கிடைத்தது?" என்று கேட்கிறார்கள். "காப்பீட்டுப் படிவத்தை எப்படி நிரப்பினீர்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறோம். மகனின் சம்மதத்தைப் பெற்றே எழுதுகிறோம்.

எங்கள் பூர்வீகம் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம். ஓட்டப்பிடாரம் சாலையில் சில ஏக்கர் கரிசல் நிலமும், கோவில்பட்டியில் ஒரு சிறிய தானியக் கடையும் எங்கள் பிழைப்பு. உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு என மானாவாரியில் விளைவதுதான் எங்கள் சரக்கு. முயல் நாயைத் துரத்திய மண் என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு கதை வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பெருமை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சற்று அதிகம். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்வதையே ஒரு குறைவாக நினைத்து வளர்ந்துவிடுகிறார்கள். அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு.

எங்கள் மகனுக்கு ஐந்து வயது முதலே மூச்சிரைப்பு. தை, மாசியில் களத்தில் இயந்திரம் வைத்து மக்காச்சோளம் அடிக்கும்போது எழும் தூசி அவனுக்கு ஆகாது. கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் நெபுலைசர் வைத்த இரவுகள் பல. வளர வளரக் குறைந்தது. ஆயினும் நீலநிறப் பம்பு ஒன்று அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். பொறியியல் படிப்பை முடித்த பின், ஜெர்மனியில் முதுகலை படிக்க அவனுக்கு இடம் கிடைத்தது. முதல் ஆறு மாதங்கள் மொழி வகுப்பு, அதன் பின்னரே பல்கலைக்கழகச் சேர்க்கை என்பது நிபந்தனை. 2023 அக்டோபரில் புறப்பட்டான்.

அப்போது ஓராண்டுச் செலவுக்கென முடக்கக் கணக்கில் 11,208 யூரோ காட்ட வேண்டியிருந்தது. ஏறக்குறைய 10 லட்சம் ரூபாய். கடையின் பேரில் கடனும், உறவினரிடம் கைமாற்றும் வாங்கி அதைக் கட்டினோம். அதற்குப் பிறகு எங்கள் கண்ணுக்கு ஒவ்வொரு ரூபாயும் பெரிதாகத் தெரிந்தது. காப்பீடு என்று ஒன்று வேண்டும் என்றதும், "இருப்பதிலேயே குறைந்தது எது?" என்பதுதான் எங்கள் முதல் கேள்வியாக இருந்தது.

ஏற்பாடுகளைக் கவனித்த முகவர் ஒரு பயணக் காப்பீட்டைக் காட்டினார். 30,000 யூரோ வரை என்று பெரிய எழுத்தில் இருந்தது, மனம் நிறைந்தது. படிவத்தில் ஒரு கேள்வி: முன்பே உள்ள நோய் ஏதேனும் உண்டா? நாங்கள் மகனின் மூச்சிரைப்பைச் சொன்னோம். அவர் சிரித்தார். "பாய், எல்லாரும் 'இல்லை' என்றுதான் போடுகிறார்கள். 'உண்டு' என்று போட்டால் தொகை கூடும், விசாவும் தாமதமாகும்" என்றார். விசா பற்றி அவர் சொன்னது உண்மையா என்று விசாரிக்கவும் இல்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டோம்.

இங்கே எங்களைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். மானாவாரி விவசாயிகளாகிய எங்களுக்குக் காப்பீடு புதிதன்று. 2016-இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்ததிலிருந்து, ஆண்டுதோறும் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் நாங்கள். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் இழப்பீடு வராது என்பதற்காகப் பத்து முறை சரிபார்ப்போம். உளுந்துக்குக் காட்டிய அந்தக் கவனத்தை மகனுக்குக் காட்டவில்லை. பயிர்க் காப்பீட்டை விளைச்சல் பொய்த்தால் வேண்டுமே என்று எடுத்தோம். மகனின் காப்பீட்டை விசாவுக்கு வேண்டுமே என்று எடுத்தோம்.

2024 ஜனவரியில், ஓர் அதிகாலை நான்கு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அங்கே இரவு பதினொன்றரை. சாக்சனி மாநிலத்தில் அவன் இருந்த நகரில் பனி உறைந்து கிடந்த வாரம் அது. மூன்று நாள்களாகவே அவனுக்கு மூச்சு இழுத்திருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுபோன பம்புகள் தீர்ந்துவிட்டன. நம்மூர் மெடிக்கலில் கேட்டவுடன் கிடைக்கும் சால்பியூட்டமால் பம்பு, அங்கே மருத்துவரின் சீட்டில்லாமல் கிடைக்காது. மருத்துவரிடம் போனால் எவ்வளவு கேட்பார்களோ என்ற அச்சத்தில் வெந்நீர் குடித்துக்கொண்டு அறையிலேயே இருந்திருக்கிறான். அந்த மூன்று நாளும் எங்களிடம் பேசும்போது, "லேசான சளிதான் அம்மா" என்றுதான் சொன்னான். உதடு நீலம் பாய்ந்ததைக் கண்டு அறைத்தோழன்தான் 112-ஐ அழைத்திருக்கிறான். அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கு நற்கூலி வழங்குவானாக.

மருத்துவமனையிலிருந்து பேசிய மகனின் குரல், இரண்டு சொற்களுக்கு ஒரு முறை நின்று நின்று வந்தது. "அத்தா, இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று டாக்டர் கேட்கிறார். இப்போதுதான் வந்தது என்று சொல்லவா?"

அந்தக் கேள்வியின் பொருள் எங்களுக்கு உடனே விளங்கியது. படிவத்தில் என்ன எழுதியிருக்கிறோம் என்பது அவனுக்கும் தெரியும். மூச்சுக்குத் திணறும் வேளையிலும், பெற்றோரின் பொய்யைக் காப்பாற்றலாமா என்று அவன் அனுமதி கேட்கிறான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உடனே பதில் சொல்லவில்லை. ஒரு கணம்தான் தாமதித்தோம். ஆனால் தாமதித்தோம் என்பது உண்மை. அதற்காக இன்றும் தவ்பாச் செய்கிறோம். பிறகு, "சின்ன வயதிலிருந்தே என்று சொல் தம்பி. என்னென்ன மருந்து எடுத்தாய் என்பதையும் சொல்லிவிடு" என்றோம்.

மூன்று இரவுகள் அவன் மருத்துவமனையில் இருந்தான். அல்ஹம்துலில்லாஹ், நலமானான். வெளியேறும்போது மருத்துவர் தந்த அறிக்கையில், குழந்தைப் பருவம் முதல் ஆஸ்துமா என்று எழுதப்பட்டிருந்தது. அந்த அறிக்கையையும் கட்டணச் சீட்டையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினோம். சில வாரங்களில் பதில் வந்தது: முன்பே இருந்த நோய், மேலும் அது மறைக்கப்பட்டுள்ளது, எனவே தொகை வழங்க இயலாது. உண்மையை எழுதியிருந்தால், உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் ஒரு வரம்பு வரை செலவை ஏற்கும் திட்டங்களும் இருந்தன என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

கட்டணம் 3,200 யூரோ அளவில் வந்தது. எங்கள் கணக்கில் ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய். முகவரிடம் போனோம். அவர் கலங்கவே இல்லை. "இங்கே ஒரு டாக்டரிடம், இதற்கு முன் இந்த நோய் இருந்ததில்லை என்று சான்றிதழ் வாங்கிவிடலாம். அதை வைத்து மறுபடி கேட்போம்" என்றார்.

அன்று மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: "மூட்டை வந்தால் எப்படிப் பார்ப்பீர்கள்?" குத்தூசியை உள்ளே செலுத்தி, நடுவில் உள்ள தானியத்தை எடுத்துப் பார்ப்போம் என்றோம். மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமுமாய் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றோம். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டதையும், நனைந்ததை மேலே வைத்து மக்கள் பார்க்கச் செய்யாதது ஏன் என்று வியாபாரியைக் கேட்டதையும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததையும் அவர் நினைவுபடுத்தினார். இருபது ஆண்டுகளாக எங்கள் கடையில் நாங்களே பிறருக்குச் சொல்லிவந்த ஹதீஸ் அது. ஈரம் இருந்தால் ஈரம் என்றே சொல்லி விற்ற நாங்கள், படிவம் என்றதும் அது வியாபாரம் இல்லை என்பதுபோல் நடந்துகொண்டோம். படிவமும் ஓர் ஒப்பந்தம்தானே?

சான்றிதழ் வாங்கவில்லை. கடையில் இருப்பு வைத்திருந்த உளுந்தை, விலை ஏறும்வரை காத்திராமல் விற்றோம். இரண்டு வளையல்கள் போயின. மீதியை மாதத் தவணையாகச் செலுத்த மருத்துவமனை ஒப்புக்கொண்டது. அங்குள்ள மாணவர் நலச் சங்கத்தின் ஆலோசகர் அதற்கான கடிதத்தை எழுத மகனுக்கு உதவினார். இத்தகைய ஆலோசகர்கள் ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. தவணை முடிய பதினோரு மாதங்கள் ஆயின.

2024 ஏப்ரலில் அவன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, மீண்டும் ஒரு படிவம் வந்தது. 30 வயதுக்குட்பட்ட மாணவர் அங்கே பொதுக் காப்பீட்டு நிதியம் ஒன்றில் சேர வேண்டும் என்பது சட்டம். ஏ.ஓ.கே., டி.கே., பார்மர் என்று அத்தகைய நிதியங்கள் பல உள்ளன. மாணவருக்கான சந்தா 2025 நிலவரப்படி மாதம் ஏறத்தாழ 140 யூரோ. உடன் தங்கியிருந்த மாணவர் ஒருவர், விலக்கு எழுதி வாங்கிக்கொண்டு மலிவான தனியார் காப்பீட்டுக்குப் போனால் மாதம் நூறு யூரோவுக்கு மேல் மிஞ்சும் என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அந்த விலக்கை ஒரு முறை எழுதிக்கொடுத்துவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. எங்கள் மகன் இம்முறை முழுவதையும் படித்தான். படித்துவிட்டு எங்களையும் படிக்கச் சொன்னான். பொதுக் காப்பீட்டிலேயே சேர்ந்தான்.

அந்தப் படிவத்தில் எங்களை வியக்கவைத்த ஒன்று உண்டு: முன்பே நோய் உண்டா என்ற கேள்வியே அதில் இல்லை. நோயுள்ள மாணவரிடம் கூடுதலாக வாங்குவதும் இல்லை. இப்போது அவன் நுரையீரல் மருத்துவரைப் பார்க்கிறான். மருந்துக் கடையில் ஒரு பம்புக்கு அவன் கையிலிருந்து கொடுப்பது ஐந்து யூரோ முதல் பத்து யூரோ வரை. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் நாளுக்குப் பத்து யூரோ; அதுவும் ஆண்டுக்கு 28 நாள்களுக்கு மேல் கேட்பதில்லை.

'காப்பீடே மார்க்கத்தில் ஆகுமா?' என்ற கேள்வி உங்களில் பலருக்கு எழும். எங்கள் உறவிலும் ஒரு பெரியவர் கேட்டார். இதையும் ஹஜ்ரத்திடம் கேட்டோம். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான சந்தா வாங்கும் வணிகக் காப்பீட்டில் ஒப்பந்தத்தைக் கெடுக்கும் நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு அதற்கு மாற்று என்றும் முடிவுசெய்ததை அவர் எடுத்துரைத்தார். அந்த மாற்றின் வழியில்தான் சூடானில் 1979-லேயே இஸ்லாமியக் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது; மலேசியா 1984-இல் தகாஃபுல் சட்டம் இயற்றியது. ஜெர்மனியின் பொது நிதியங்கள் இலாபத்துக்காக நடப்பவை அல்ல. 1883-இல் தொழிலாளருக்காகத் தொடங்கப்பட்ட ஏற்பாட்டின் தொடர்ச்சி அவை. சம்பாதிப்பவர் வருமானத்துக்கேற்பச் செலுத்துகிறார். நோயுற்றவர் தேவைக்கேற்பச் சிகிச்சை பெறுகிறார். இத்தகையதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கும்போது, மாணவர் அதில் சேர்வதில் தமக்குத் தடை தெரியவில்லை என்றார் ஹஜ்ரத். உங்கள் பிள்ளை செல்லும் நாடும் திட்டமும் வேறாக இருக்கலாம். நீங்கள் நம்பும் ஆலிமிடம், திட்டத்தின் விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தவக்குல் பற்றியும் ஒரு வார்த்தை. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லியே அந்த மலிவான காப்பீட்டை வாங்கினோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவனைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற போதனையை நாங்களும் கேட்டு வளர்ந்தவர்கள். நாங்கள் கட்டியதோ இற்றுப்போன கயிற்றால்.

எங்கள் அனுபவத்திலிருந்தும், அதன் பின் விசாரித்து அறிந்ததிலிருந்தும் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

விசாவுக்காகக் காட்டும் காப்பீடும் நோயில் கைகொடுக்கும் காப்பீடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியில் மொழி வகுப்புக் காலத்தில், மாணவருக்கான பொதுக் காப்பீட்டில் சேர இயலாது. அந்த இடைவெளிக்கு எடுக்கும் காப்பீட்டில், எவற்றுக்குத் தரமாட்டோம் என்று எழுதியுள்ள பக்கத்தை முதலில் படியுங்கள். பெரிய எழுத்தில் உள்ள தொகையைப் பிறகு பார்க்கலாம்.

பிரிட்டனுக்குச் செல்வோர், ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட படிப்பாயின், விசா விண்ணப்பத்தோடே சுகாதாரக் கட்டணம் செலுத்துகிறார்கள். 2024 பிப்ரவரி 6 முதல் மாணவருக்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டு. பணம் கட்டியாயிற்று என்று இருந்துவிடாமல், போய் இறங்கியதும் அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர் காப்பீடு கட்டாயம். ஆனால் முன்பே உள்ள நோய்க்கு 12 மாதங்கள் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் பல்கலைக்கழகமே விதி வகுக்கிறது. அங்கே சந்தா கட்டிய பின்னும், காப்பீடு தொடங்குமுன் நம் கையிலிருந்து கொடுக்க வேண்டிய முதல் தொகை எவ்வளவு என்று கேட்டறிவது அவசியம்.

பிள்ளைக்கு ஏதேனும் நோய் இருந்தால், மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். மருந்தின் கடைப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும். எனவே மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். முதல் சில மாதங்களுக்கான மருந்தைச் சீட்டோடு கொடுத்தனுப்புங்கள். போன முதல் வாரத்திலேயே அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஜெர்மனியில் உயிருக்கு ஆபத்தென்றால் 112. அவ்வளவு அவசரமில்லை, ஆனால் மருத்துவர்களின் சிகிச்சையகங்கள் மூடிய நேரம் என்றால் 116117. இந்த எண்களைப் பெற்றோரும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, செலவைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஓயாமல் புலம்பாதீர்கள். எங்கள் மகன் மூன்று நாள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்ததற்குப் பனி மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு அழைப்பிலும் நாங்கள் சொன்ன கடன் கணக்கும் ஒரு காரணம். "உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் மருத்துவரிடம் போ, பணத்தைப் பற்றி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே தனியாக இருக்கும் பிள்ளைக்கு அது தேவைப்படும்.

இவ்வாண்டு புறப்படும் நான்கு பிள்ளைகளின் பெற்றோரையும் வரும் ஞாயிறு அஸருக்குப் பின் எங்கள் கடைக்கு அழைத்திருக்கிறோம். படிவங்களைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். மகனும் தொலைபேசியில் பேசுவான், இன்ஷா அல்லாஹ். ஒவ்வொரு ஊர் ஜமாஅத்திலும் இப்படி ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் நலமாக இருக்கும்.

நாங்கள் செய்த தவற்றை அல்லாஹ் மன்னிக்க வேண்டும் என்றும், வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் உடல் நலத்தையும் உண்மை பேசும் துணிவையும் தர வேண்டும் என்றும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.